ஹட்டன் என்னும் பெயர்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் நாவலப்பிட்டியைக் கடந்து மலையேறி, தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து சென்று ஹட்டன் நிலையத்தை அடைகின்றது. இருப்புப்பாதை இந்நகரை எட்டியது 1884ஆம் ஆண்டில். டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளுக்கு இதுவே வாயில். சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகரிற் பலர் இறங்குவதும் இங்கேதான். நாள்தோறும் பல்லாயிரவர் நாவில் வழங்கும் இந்நகரின் பெயர் தமிழுமன்று, சிங்களமுமன்று. தமிழ் நாவுக்கு இசைய 'அட்டன்' என்று சொல்வாருமுளர். இப்பெயரின் பொருள்தான் யாது?

மலைநாட்டுக் காடுகளை அழித்துக் கோப்பி பயிரிட வந்த துரைமாரிற் கணிசமானோர் ஸ்கொத்லாந்து நாட்டினர். அந்நாட்டின் அபர்டீன் பகுதியில் ஹட்டன் என்றொரு சிற்றூர் உண்டு. அதன் பெயரே கடல் கடந்து வந்து இம்மலைக்கு இடப்பட்டது. பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்தவர்கள், ஊரைக் கொண்டுவர இயலாமையால் ஊரின் பெயரைக் கொண்டுவந்தனர்.

இங்கிலாந்திலும் ஹட்டன் என்னும் பெயருடைய ஊர்கள் பல உள. பழைய ஆங்கிலத்தில் அது இரு சொற்களின் சேர்க்கை. முற்சொல், குறும்புதர் மண்டிய தரிசு நிலத்தைக் குறிப்பது. பிற்சொல்லாகிய 'டூன்' என்பது முதலில் வேலியையும், பின்னர் வேலியிட்ட நிலத்தையும், அதன்பின் பண்ணையையும், இறுதியில் ஊரையும் குறித்தது. இன்று 'டவுன்' என வழங்குவதும் இச்சொல்லே. தமிழில் 'பட்டி' என்னும் சொல் நடந்த வழியும் இதுதான். ஆடுமாடுகளை அடைக்கும் தொழுவமாக இருந்த பட்டி, பின்னர் சிற்றூரின் பெயராயிற்று. ஆகவே ஹட்டன் என்பதைத் தமிழாக்கினால் 'புதர்க்காட்டுப்பட்டி' என்று சொல்லிவிடலாம். ஸ்கொத்லாந்தில் உள்ள ஹட்டன்கள் சிலவற்றுக்கு வேறொரு மூலமும் உண்டு. நிலக்கிழாரின் மாளிகையைச் சூழ்ந்த குடியிருப்பு என்பது அதன் பொருள். மேட்டிலே துரை பங்களாவும் கீழே தொழிலாளர் லயங்களுமாய் அமைந்த தோட்டங்களின் நடுவே இப்பெயர் வந்து அமர்ந்தது வியப்பன்றோ!

ஆங்கிலேயரிடையே ஹட்டன் என்பது ஊர்ப்பெயர் மட்டுமன்று, குடும்பப்பெயருமாகும். எலிசபெத் மகாராணியின் அவையில் உயர் பதவி வகித்த சேர் கிறிஸ்தோபர் ஹட்டன் என்பார் 1591ஆம் ஆண்டிற் காலமானார். வைர வணிகத்துக்குப் பேர்போன லண்டன் நகரின் 'ஹட்டன் கார்டன்' தெரு அவர் பெயராலேயே வழங்குகின்றது. ஊரின் பெயர் மனிதரைச் சேர்ந்தது. மனிதரின் பெயர் மீண்டும் தெருவைச் சேர்ந்தது. ஹட்டனை அடுத்துள்ள நோர்வூட் என்பதும் அவ்வாறே இங்கிலாந்தில் ஊர்ப்பெயராகவும் குடும்பப்பெயராகவும் வழங்குவது. 'வடகாடு' என்பது அதன் பொருள்.

ஊர்ப்பெயர் எவ்வாறு ஒருவருடைய பெயராகின்றது? ஹட்டன் என்னும் ஊரிலேயே வாழும் ஒருவரை 'ஹட்டன்காரர்' என்று அழைப்பதிற் பயனில்லை. அங்கு வாழ்வோர் அனைவருமே ஹட்டன்காரர் அல்லரோ? அவர் வேற்றூருக்குக் குடிபெயர்ந்த பின்னரே, பிறரினின்றும் பிரித்துக் காட்ட அப்பெயர் உதவுகின்றது. ஆகவே இத்தகைய குடும்பப்பெயர் பெரும்பாலும், ஒருவர் வாழும் ஊரைச் சொல்வதன்று. அவருடைய முன்னோர் விட்டுவந்த ஊரைச் சொல்வதாகும்.

இவ்விதியை மலைநாட்டுத் தமிழரின் வரலாற்றோடு பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து இவர்களின் முன்னோர் வந்தனர். பட்டி எனப் பெயர் முடியும் ஊர்கள் அவ்விடங்களில் ஏராளம். துரைமார் தம் ஊர்ப்பெயரை மலைக்கே சூட்டினர். கங்காணியின் பின்னே வந்தவரோ தோட்டத்துச் செக்ரோலில் பேர் பதிந்ததோடு சரி. அவருடைய ஊர் அவர் பெயரோடு ஒட்டவில்லை. எந்த மலைக்கும் இடப்படவுமில்லை. பேரப்பிள்ளைகளுக்கு முகவரியானது, அவர்கள் கண்டறியாத ஏதோ ஓர் ஆங்கில ஊரின் பெயரே.

ஆயினும் விட்டுவந்த நாட்டின் பெயர் அவர்களை விடவில்லை. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு அவர்களை 'இந்தியத் தமிழர்' எனத் தனியே பிரித்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் முன்னோரின் பிறப்புக்குச் சான்று கேட்டது. சான்றில்லாப் பெருந்தொகையினர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு சென்று நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியவர்களை அங்குள்ளோர் எவ்வாறு அழைத்தனர்? 'சிலோன்காரர்' என்றனர். இங்கிருந்தபோது இந்தியர், அங்குச் சென்றபோது சிலோன்காரர். எங்கு வாழ்ந்தாலும் அவர்களுக்குக் கிட்டியது விட்டுவந்த இடத்தின் பெயரே.

இலங்கையில் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்க 2003ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் லயங்களில் வாழும் பல குடும்பங்களுக்குத் தனி வீட்டிலக்கமும் முகவரியும் இன்றும் இல்லை; தோட்டத்தின் பெயரே அவர்களுடைய முகவரி.

இவற்றினிடையே அம்மக்கள் தாமே ஒரு பெயரைத் தெரிந்துகொண்டுள்ளனர். 'மலையகத் தமிழர்' என்பது அது. குடும்பப்பெயர் விதிக்கு அது முற்றும் மாறானது. முன்னோர் விட்டுவந்த மண்ணை அது சொல்லவில்லை. நின்று வாழும் மண்ணைச் சொல்கின்றது. ஹட்டன் என்னும் பெயரைக் கொணர்ந்த துரைமார் தம் ஊரை நினைந்து அதனை இட்டனர். மலையகம் என்னும் பெயரை ஏற்றவரோ, இதுவே தம் ஊர் என்று துணிந்து அதனை ஏற்றனர்.