சும்மா இருக்கிறவள் யார்?
(விம்கோ நகர்க் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த ஊருக்கு ஒரு தீப்பெட்டிக் கம்பெனியோட பேர். ஷிப்டுக்குப் போன ஆம்பளைக்குச் சம்பளம் உண்டு, ஓவர்டைம் உண்டு. அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தவளுக்கு? 'வீட்ல சும்மாதான் இருக்கா.' என் அம்மாவையும் நான் அப்படித்தான் சொன்னேன். வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பளித்தார். கணவர் சவுதியில் வேலை பார்த்தார். மனைவி குடும்பத்தைப் பார்த்தார். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்துகளில் மனைவிக்கும் சரிபாதி. கணவனுக்கு எட்டு மணி நேர வேலை, இவளுக்கோ லீவே இல்லாத வேலை என்பதே காரணம். வரவேற்போம். ஆனா, சொத்தே இல்லாத சேரியில எதுல பாதி?

அதே பாத்திரத்தை இன்னொரு வீட்ல தேய்ச்சா கூலி. சொந்த வீட்ல தேய்ச்சா கடமை. மலம் அள்ளுவதைப் 'பிறப்பால் வந்த கடமை' என்றது சாதி. சமையலையும் அப்படியே சொல்றான் ஆம்பளை. ரெண்டு பேரும் பேசுவது ஒரே நியாயம்தான். அம்பேத்கர் படம் மாட்டிய வீட்டிலும் இந்த நியாயம் செல்லுபடியாகலாமா?

2023 செப்டம்பர் 15-இல் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1000 ரூபாயில் தொடங்கியது. ஒரு நாளைக்கு 33 ரூபாய். 'உதவி' என்னாமல் 'உரிமை' என்றார்களே, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்வோம். குடியிருக்கும் மனைக்குப் பெண் பேரில் பட்டா கேட்போம்.

மனுவில் கையெழுத்துப் போடும் தோழர்களே, நாளைக்குக் காலையில தண்ணி லாரிக்கு முதல் குடத்தை யார் தூக்கப் போறீங்க?