முதியோரும் மருந்தாளரும்

வயதுக்கேற்ப மருந்தின் அளவு மாறும் என்பதைக் குழந்தைகள் விடயத்தில் எவரும் மறப்பதில்லை. முதியோர் விடயத்திலோ அது மறக்கப்படுவதுண்டு. முதுமையிற் சிறுநீரகத்தின் ஆற்றல் குறையும். அதனாற் பல மருந்துகள் உடலில் நெடுநேரம் தங்கும். நீரிழிவுக்குரிய கிளிபென்கிளமைட் முதியோரின் குருதிச் சர்க்கரையை அளவுமீறித் தாழ்த்தி மயக்கத்தில் ஆழ்த்தக்கூடும். தடிமனுக்குரிய சில குளிசைகள் தள்ளாட்டத்தை உண்டாக்கி விழச் செய்யும். முதியோருக்கு ஒவ்வாத மருந்துகளை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991ஆம் ஆண்டிலே பட்டியலிட்டு வெளியிட்டார்.

அப்பட்டியலை மனனஞ் செய்தால் மட்டும் போதுமா? வன்னியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே பிள்ளைகளை இழந்தோரும், பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியோரும் அங்குள்ள முதியோரிற் பலர். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ தனித்து வாழும் மூதாட்டிக்கு மருந்துறையின் எழுத்துப் புலப்படாது. வாசித்துச் சொல்லவும் ஆளில்லை. ஆஸ்பத்திரியிற் பெற்ற மருந்தே கடையில் வாங்கிய வேறு பெயருடனும் அவர் பெட்டியில் இருக்கலாம்.

ஆதலின், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் மருந்தாளர் கல்வி பயில்வோர், அத்தகைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "ஆச்சி, குடிக்கிற குளிசையெல்லாம் ஒருக்கால் காட்டுங்கோ" என்று கேட்கப் பழகுதல் வேண்டும். ஐயத்துக்குரியவற்றை வைத்தியருக்கு அறிவித்தலும், உறையிலே காலைக்குச் சூரியனையும் இரவுக்குப் பிறையையும் வரைந்து கொடுத்தலும் அவர்தம் கடனாகும். விளக்கியதை ஆச்சி தம் வாயாலே திரும்பச் சொல்லக் கேட்ட பின்னரே அப்பாடம் முற்றுப்பெறும்.