ஹாலில் சொறிமுட்டை வளர்க்கலாமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜெல்லி மீன் பற்றிப் பேசச் சொன்னார்கள். காரணம் உங்களுக்கே தெரியும். நீல விளக்கடியில் அது மிதக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு அதுதான் வேண்டும் என்று நிற்கிறார்கள். சங்கத்தில் தடை உண்டா என்று பெற்றோர் கேட்டார்கள். தடை ஒன்றும் இல்லை. ஆனால் வங்கியில் கடன் மனு வந்தால் பொருளின் விலையை மட்டும் பார்க்க மாட்டோம். மாதாமாதம் கட்ட முடியுமா என்றும் பார்ப்போம். அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுக் காட்டப் போகிறேன்.

ஜெல்லி மீன் என்பது மீனே அல்ல. நம் கடற்கரையில் சொறி, சொறிமுட்டை என்பார்கள். வலையில் ஏறினால் கை அரிக்கும். பெயரே அதைச் சொல்கிறது. உடம்பில் 95 சதவீதம் தண்ணீர். எலும்பு, இதயம், மூளை எதுவும் கிடையாது. கொட்டும் செல்கள் உண்டு. வீட்டுத் தொட்டிக்கு விற்கும் மூன் ஜெல்லி லேசாகத்தான் கொட்டும் என்றாலும் வெறுங்கையை விடக்கூடாது.

முதல் செலவு தொட்டி. தங்க மீன் வளர்த்த பழைய சதுரத் தொட்டி உதவாது. சொறிமுட்டை நீரோட்டத்தோடு போகும் உயிர். மூலையில் ஒதுங்கினால் மீண்டு வராது. ஃபில்டர் வாயில் ஒட்டினால் கிழிந்துவிடும். காற்றுக் குமிழி குடைக்குள் புகுந்தால் ஓட்டை விழும். அதனால் தண்ணீர் மெதுவாகச் சுழலும் வட்டத் தொட்டி வேண்டும். வொல்ஃப் கிரேவ என்ற ஜெர்மன் விஞ்ஞானி கடலின் மிதவை உயிர்களை வளர்ப்பதற்காக 1960களில் இதை வடிவமைத்தார். கிரைசல் என்று பெயர்; ஜெர்மன் மொழியில் பம்பரம் என்று அர்த்தம். பெரிய காட்சியகங்களில் இன்று சொறிமுட்டைகள் மிதப்பது இந்த வகைத் தொட்டிகளில்தான்.

பம்பரம் நின்றால் சொறிமுட்டை அடியில் படுத்துவிடும். ஆகவே 24 மணி நேரமும் கரண்ட் வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஊரில் எத்தனையோ தெருக்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. நமக்கே குடிதண்ணீர் இல்லாத அந்த நாட்களில் தொட்டியை யார் பார்த்திருப்பார்கள்?

அடுத்தது குளிர்ச்சி. மூன் ஜெல்லிக்கு 18 முதல் 24 டிகிரி வரை ஏற்றது. நம் ஊர் வெயிலில் வீட்டுத் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும். குளிரூட்டும் இயந்திரம் இல்லாமல் முடியாது. 200 வாட் இயந்திரம் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். 

உப்புக்குப் பஞ்சமில்லாத ஊர்தானே என்பீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது ஜிப்சம் படிந்த பிறகு உப்பு விளையும், மக்னீசியம் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். ஆக, அளத்து உப்பைக் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல்நீர் கிடைக்காது. மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையை, லிட்டருக்கு 35 கிராம் அளவில், ஆர்.ஓ. தண்ணீரில் கரைக்க வேண்டும். கழிவில் சேரும் அம்மோனியா உயிரைக் கொல்லும் என்பதால் வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோவுக்கு மேல். கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி. பால்கனியில் வைக்காதீர்கள், எங்கே வைப்பதானாலும் கட்டட இன்ஜினியரைக் கேளுங்கள். உப்புத் தண்ணீர் கசிந்து தளத்தில் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். கடற்காற்றால் சிமெண்ட் பூச்சு உதிர்வதையே நாம் சமாளித்துக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவும் பணத்தால் முடிகிற காரியம். பணத்தால் முடியாதது சாப்பாடு.

சொறிமுட்டைக்கு உயிருள்ள இரையே நல்லது. ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலின் முட்டையை உப்புநீரில் போட்டு, காற்றுக் குழாய் விட்டால் சுமார் ஒரு நாளில் குஞ்சு பொரிக்கும். அதைத் தினமும் கொடுக்க வேண்டும். நாளைய இரையை இன்றே பொரிக்கப் போட வேண்டும். பரீட்சை, கல்யாணம், திருச்செந்தூர் பயணம் எதற்கும் விடுமுறை கிடையாது. இரை கிடைக்காத சொறிமுட்டை உடனே சாகாது. நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போகும். அதைப் பார்ப்பது பிள்ளைகளுக்குக் கஷ்டம். நன்றாக வளர்த்தாலும் மூன் ஜெல்லியின் ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம்தான். இதையும் முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பாடம் நம் ஊருக்குப் புதிதல்ல. இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் டாக்டர் கே. அழகர்சாமி குழுவினர் 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். 1981இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளையே தொட்டியில் உண்டாக்கினார்கள். அந்தக் குஞ்சுகளுக்கு இரை, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. அதைத் தனியாக வளர்த்துக் கையில் வைத்துக்கொண்டால்தான் சிப்பிக் குஞ்சு பிழைக்கும். கடல் உயிரை வளர்க்கிறவன் முதலில் அதன் இரையை வளர்க்கக் கற்க வேண்டும்.

கடற்கரையில் ஒதுங்குவதை வாளியில் அள்ளி வரலாமே என்று ஒரு தம்பி கேட்டான். வேண்டாம். எது கடுமையாகக் கொட்டும் என்று நமக்குத் தெரியாது. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. அங்கே எந்த உயிரையும் பிடிக்கக்கூடாது. அதேபோல, கடையில் வாங்கியதைச் சலித்துப்போய்க் கடலில் விடவும் கூடாது. மண்டபம் பக்கம் வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி, குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? என் யோசனை இது. முதலில் ஆர்ட்டீமியா முட்டை ஒரு சிறு டப்பா வாங்கிக் கொடுங்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டில், ஒரு சின்ன ஏர் பம்ப் போதும். நம் உப்பளப் பாத்திகளிலேயே வாழும் உயிர்தான் அது. 30 நாள் தொடர்ந்து, அம்மா நினைவூட்டாமல், பிள்ளையே குஞ்சு பொரிக்க வைக்கட்டும். காலண்டரில் தினமும் டிக் அடிக்கட்டும். 30 டிக் விழுந்தால் தொட்டியைப் பற்றிப் பேசலாம். பத்தாம் நாளே பாட்டில் காய்ந்துவிட்டால், ஒரு சொறிமுட்டையின் உயிர் தப்பியது. உங்கள் பணமும் மிச்சம். விளக்கு வெளிச்சத்தை நோக்கி அந்தக் குஞ்சுகள் கூட்டமாக நீந்தி வருவதைப் பார்ப்பதே பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை.

சங்கம் சம்மதித்தால், வரும் விடுமுறையில் கம்யூனிட்டி ஹாலில் ஐந்தாறு பாட்டில் வைத்துப் பிள்ளைகளுக்கு நானே செய்து காட்டுகிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் செயலாளரிடம் கொடுக்கலாம். பெரியவர்களும் வரலாம்.