ஒரு கிலோ கோழிக்கு எத்தனை கிலோ தீவனம்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இன்ஜினியருக்கும் கோழிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று முன்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரிங்க, பரவாயில்லை! எஃபிஷியன்சி என்றால், வெளியே வருவதை உள்ளே போவதால் வகுப்பது என்று இங்கேதான் படித்தோம். கோழிப் பண்ணைக்காரர் அதையே திருப்பிப் போடுகிறார். தின்ற தீவனத்தை ஏறிய எடையால் வகுத்தால் எஃப்.சி.ஆர். இந்த எண் குறையக் குறைய லாபம். வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீவனம்தானே!

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978 ஆண்டுகளின் கோழி வம்சங்களை மாறாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றையும் 2005-ஆம் ஆண்டின் ராஸ் 308 பிராய்லரையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56 நாளில் 1957 கோழி 905 கிராம், 1978 கோழி 1,808 கிராம், 2005 கோழி 4,202 கிராம்! எஃப்.சி.ஆரும் சுமார் பாதியாகக் குறைந்திருந்தது. இந்த ஆய்வு 2014-இல் வெளியானது. தீவனம் ஒன்றே என்பதால் வித்தியாசம் வம்சத்தில் வந்தது. "ஹார்மோன் ஊசி போடறாங்க" என்று நம்ம ஊரில் பேசிக்கொள்கிறோமே, அது தேவையே இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தாலே போதும்.

வேகமாக வளரும் கோழி சீக்கிரம் விற்பனை எடைக்கு வந்துவிடும். வெறுமனே உயிர் வாழச் செலவாகும் தீவனம் மிச்சம். இது சுலபமான வழி. இதற்கும் மேலே, ஒரே எடை, ஒரே வளர்ச்சி உள்ள இரண்டு கோழிகளில் எது குறைவாகத் தின்கிறது என்று பார்க்கிறார்கள். கோழிக்கு எலெக்ட்ரானிக் அடையாள வில்லை, தீவனத் தட்டுக்கு அடியில் லோட் செல். எந்தக் கோழி எத்தனை கிராம் தின்றது என்று கம்ப்யூட்டர் கணக்கு வைக்கும். எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தின்றது அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர் ஆகும்.

சரி, இதற்கு விலை? உடம்பு ஏறிய வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுக்கவில்லை. கால் கோணிய கோழிகள், வயிற்றில் நீர் கோத்துச் செத்த கோழிகள் பெருகின. பிறகுதான் கால் பலத்தையும் இதயத்தையும் தேர்வுக் கணக்கில் சேர்த்தார்கள், நிலைமை தேறியது. ஆனால் தாய்க்கோழியின் பாடு இன்னும் தீரவில்லை. வேக வளர்ச்சியோடு வந்த பெரும்பசி அதற்கும் உண்டு. இஷ்டத்துக்குத் தின்னவிட்டால் கொழுத்துப்போய் முட்டை சரியாக வராது. அதனால் அளந்துதான் போடுகிறார்கள். குஞ்சுக்கு முழு வயிறு, தாய்க்கு அரை வயிறு! பண்ணையில் எழுதும் பிராய்லர் எஃப்.சி.ஆர். கணக்கில் அந்தப் பசிக்கு இடமே இல்லை.

நண்பர்களே, நாமும் தினம் ஏதோ ஒரு விகிதத்தைக் குறைக்கத்தான் சம்பளம் வாங்குகிறோம். அதைக் குறைக்கும்போது, கணக்கில் எழுதாமல் விட்டது எது, அதை யார் சுமக்கிறார்கள் என்றும் ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

இரவு விருந்தில் சிக்கன் பிரியாணியாம். இதற்கு மேல் பேசினால் அடிப்பீங்க!