குடியாத்தம் கைலி

ஆம்பூர் என்றதும் தோலும் பிரியாணியும் நினைவுக்கு வரும். பக்கத்திலேயே, பாலாற்றில் கலக்கும் கவுண்டன்யா ஆற்றங்கரையில் குடியாத்தம்; கைத்தறிக் கைலிக்குப் பேர்போன ஊர். பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, தார் சுற்றி, அப்புறம்தான் தறியில் உட்கார முடியும். வெளிநாட்டில் இதை ‘நிதான ஃபேஷன்’ என்கிறார்கள். நம் நெசவாளருக்கு வேறு வேகமே கிடையாது!

1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியது. பட்டியலில் லுங்கியும் உண்டு. சட்டம் இருந்தென்ன, விசைத்தறித் துணி கைத்தறி என்ற பேரில் கடைக்கு வந்துவிடுகிறது. இதைக் கண்டுகொள்ளத்தான் 2006-இல் கைத்தறி முத்திரை வந்தது. அடுத்த முறை கைலி எடுக்கும்போது, விலை கொஞ்சம் கூடினாலும், முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.