ஷாம்பெர்த்தான் என்ற பெயருக்கு என்ன விலை?

பாரிஸ் உணவகங்களில் எங்கள் தமிழ் ஆட்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நானும் கோப்பை கழுவித்தான் தொடங்கினேன். பிறகு நிலவறையில் பெட்டி அடுக்கினேன், இப்போது மேசைகளுக்கு வைன் பரிமாறுகிறேன். வைன் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. அதனாலேயே அதற்குப் பெயர் வைக்கிற விதமும் விலை வைக்கிற விதமும் என்னைக் கோபப்படுத்துகின்றன.

பூர்கோன் பகுதியை எடுங்கள். அங்கே நல்ல சிவப்பு வைன் என்றால் அநேகமாகப் பினோ நுவார் திராட்சைதான். ஆனால் போத்தலில் திராட்சையின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஊரின் பெயரோ தோட்டத்தின் பெயரோதான் இருக்கும். ஜெவ்ரே என்று ஒரு கிராமம். அதன் மலைச்சரிவில் ஷாம்பெர்த்தான் என்ற தோட்டம், சுமார் 13 ஹெக்டேர். நெப்போலியனுக்கு மிகப் பிடித்த வைன் அங்கே விளைந்தது என்பார்கள். 1847இல் ஊர்க்காரர் மன்னர் லூயி பிலிப்பிடம் அனுமதி வாங்கி, தோட்டத்தின் பெயரை ஊர்ப்பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். அன்று முதல் ஊர் ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான். நெடுஞ்சாலைக்குக் கீழே சமதரையில் விளைவதும் அந்தப் பெயரில் விற்கிறது. புலினி, ஷசாஞ் என்ற ஊர்கள் மட்டும் சும்மா இருக்குமா? மோன்ராஷே தோட்டம் இரண்டு ஊர்களிலும் கிடக்கிறது; 1879இல் இரண்டுமே அந்தப் பெயரைச் சேர்த்துக்கொண்டன.

இப்போது யோசியுங்கள். ஷார்ம்-ஷாம்பெர்த்தான் என்றால் உச்சத் தரமான 'கிரான் க்ரு'. ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான் என்றால் வெறும் ஊர் வைன். புதிதாக வருகிறவருக்கு இது எப்படிப் புரியும்?

ஒருநாள் மருத்துவப் படிப்பை முடித்த ஒரு பிரெஞ்சுப் பிள்ளை தாத்தாவைச் சாப்பிடக் கூட்டி வந்தாள். தாத்தாவுக்கு நெப்போலியன் கதை என்றால் சோறு வேண்டாம். பட்டியலில் ஜெவ்ரே-ஷாம்பெர்த்தானைக் காட்டி, "நெப்போலியனின் வைன் இதுதானே?" என்று கேட்டாள். விலையைப் பார்த்து மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. "இது அந்த ஊர் வைன், அந்தத் தோட்டத்து வைன் இல்லை" என்று உண்மையைச் சொன்னேன். சற்று வடக்கே இருக்கும் ஃபிஸான் ஊர் வைனைக் காட்டினேன். விலை நன்றாகக் குறைவு.

நேயர்களே, அந்த ஃபிஸானைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள். நெப்போலியனின் காவல்படையில் இருந்த நுவாஸோ என்ற அதிகாரி தன் சக்கரவர்த்திக்கு அங்கே வெண்கலச் சிலை வைத்தார். வடித்தவர் பிரான்சுவா ரூட். நம்முடைய ஆர்க் து திரியோம்ஃபில் இருக்கும் 'மார்செய்யேஸ்' சிற்பமும் அவர் கைவேலைதான். சிலை திறந்த ஆண்டும் அதே 1847! 'க்ளோ நெப்போலியன்' என்று ஒரு தோட்டமும் அங்கே உண்டு. இதையெல்லாம் சொன்னதும் தாத்தாவுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! போத்தலில் கடைசித் துளி வரை விடவில்லை. முதலாளிக்குத்தான் முகம் சுருங்கியது.

தரப்பெயர்களிலும் இதே கதைதான். 'பிரெமியே க்ரு' என்றால் பூர்கோனில் இரண்டாம் படி. போர்தோவின் மெதோக்கில் அதுவே முதற்படி. சேன்-எமிலியோனில் 'கிரான் க்ரு' என்று மட்டும் போட்டிருந்தால், அதற்கு மேலே இன்னும் இரண்டு படிகள் இருக்கின்றன.

நேரம் குறைவு, விலைக்கு வருகிறேன். போர்தோவின் புகழ்பெற்ற தரப்பட்டியல் 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக எழுதப்பட்டது. தரகர்கள் அதைச் சந்தை விலையை வைத்தே வகுத்தார்கள். பிறகு படியேறிய ஒரே தோட்டம் மூத்தோன் ரோத்ஷில்ட், அதுவும் 1973இல். அன்றைய விலை பெயரைத் தந்தது. இன்று அந்தப் பெயரைக் காட்டி விலை கேட்கிறார்கள். அதற்கு மேல் பல உணவகங்கள் வாங்கிய விலையை மூன்று மடங்காக்குகின்றன. 2018இல் பூர்கோனின் ரொமானே-கோன்தி தோட்டத்து 1945ஆம் ஆண்டு வைன் ஒரு போத்தல் 558,000 டாலருக்கு ஏலம் போனது. அது பணக்காரர் பாடு. என் கவலையெல்லாம் அந்தப் பேத்தியின் சம்பளத்தைப் பற்றியது.

ஆகவே, அடுத்த முறை பட்டியலைக் கையில் எடுத்தால் பெரிய பெயரோடு நின்றுவிடாதீர்கள். ஃபிஸான், மார்சனே போன்ற அயலூர்ப் பெயர்களையும் தேடுங்கள். "தோட்டம் எது, செய்தவர் யார்?" என்று பரிமாறுகிறவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் சொல்வது எங்கள் வேலை.