வர்த்தகர் நாணயம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்னும் ஒரே சொல்லை வைத்தனர் நம் முன்னோர். வணிகத்தையே தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சொல்லின் இரு பொருளையும் ஒருங்கே விளக்க வல்லது, நாம் சில காலமாகச் சேர்த்துவரும் அமெரிக்கச் செப்பு வில்லைகளின் வரலாறு.

1861-இல் அமெரிக்காவில் வட மாகாணங்களுக்கும் தென் மாகாணங்களுக்கும் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் நியூயார்க் வங்கிகள் நோட்டுக்குப் பொன் கொடுப்பதை நிறுத்தின. அச்சமுற்ற ஜனங்கள் முதலில் பொன்னையும், பின்னர் வெள்ளியையும், 1862-இல் ஒரு செண்டுக் காசையுங்கூடப் பெட்டியில் வைத்துப் பூட்டினர். சில்லறையின்றிக் கடை நடத்துவது எங்ஙனம்? தபால் தலைகளைக் காசாக வழங்கிப் பார்த்தனர். அவையோ ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்தன. அந்நிலையில் மளிகைக்காரரும், மருந்து விற்போரும், மதுக்கடைக்காரரும் செண்டின் அளவில் செப்பு வில்லைகளைத் தம் பெயர் பொறித்து அடிப்பித்து வழங்கலாயினர். 1863-இல் வட மாகாணங்களில் இவை மலிந்தன. ஏறக்குறைய இரண்டரைக் கோடி வெளிவந்ததாக மதிப்பிடுவர்.

வில்லையிலுள்ள செம்பின் விலை அற்பம். அதனைச் செல்லச் செய்தது வணிகர் வாக்கே. அவ்வாக்கு எங்கும் நிலைத்ததில்லை. லிண்டன்முல்லர் என்னும் நியூயார்க் மதுக்கடைக்காரர் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வில்லைகளை வெளியிட்டார் என்பர். அவற்றைக் கட்டணமாக ஏற்றுவந்த குதிரை டிராம் கம்பெனியார், தம்மிடம் குவிந்தவற்றை மாற்றித் தருமாறு கேட்க, அவர் மறுத்துவிட்டார். வேறு சிலரோ 'ஒரு செண்டு' என்பதைப் பெரிதாகவும், 'அன்று' என்பதை அதனருகே சிற்றெழுத்திலும் பொறித்துச் சட்டத்துக்குத் தப்ப வழி தேடினர். 1864 ஏப்ரலில் அரசாங்கம் வெண்கலச் செண்டுக்குச் சட்டம் செய்தது. ஜூன் 8-ஆந் தேதிச் சட்டம் தனியார் காசடித்தலை அறவே விலக்கியது.

இவ்வில்லைகளைச் சேர்ப்போர், தேசபக்திச் சின்னமுடையவை, கடைப்பெயருடையவை என இருவகையாகப் பிரிப்பர். நமக்கு உவப்பானவை பின்னவை. ஊரும் தொழிலும் பேரும் ஒரு விரல் நுனியில் அடங்கும். சேர்க்கப் புகும் இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை: செம்பைத் துலக்காதீர். நாம் முதலில் வாங்கியதைப் புளியிட்டுத் தேய்த்து, நூறாண்டுக்கு மேற்பட்ட நிறத்தை ஒரு நாழிகையில் இழந்தோம்.

வாக்கைக் காத்தவர் பெயரும் கைவிட்டவர் பெயரும் இன்று ஒரே பெட்டியில் கிடக்கின்றன. நம் கடைச் சீட்டில் நாம் இடும் கையொப்பமும் அவ்வாறே நமக்குப் பின்னும் நிற்கும். அதனை நம் மக்கள் நாணமின்றி எடுத்துப் பார்க்குமாறு நடப்போமாக.